உது காணாது

அவரை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது, என் மாடியறைக் கண்ணாடியில் பனி வந்து அறைந்த ஒரு காலையில். வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை. கீழேயிருந்து மேலே வந்தது. யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கம்பளித் தொப்பியும் குளிர்க்கோட்டுமாக, சின்ன உழவு இயந்திரம் அளவில் ஒரு பனிவாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனடாவில், அஜின்கோர்ட்டில், எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு கார் நிற்க மட்டும்தான் இடம். அந்த இடத்துப் பனியை அள்ள ஒரு சவள் போதும். அவருடைய இயந்திரமோ ஒரு பெற்றோல் நிலையத்தின் முற்றத்தையே துடைத்துவிடும்.

என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார்.

“தம்பி, குறை நினையாதேயும்! நேற்றுத்தான் வாங்கினது. எவ்வளவு தூரம் எறியுது எண்டு பாத்தனான்!”

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. பிள்ளை ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்ததை ஊருக்குச் சொல்கிற தாயின் குரல். அவருக்குப் பின்னால் கதவோரம் தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்ற அவருடைய கணவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார்.

“பழசு காணாதாம்,” என்றார்.

பிறகு அவர்கள் எனக்கு அக்காவும் அத்தானும் ஆனார்கள். போதாது என்பதற்கு எங்கள் பேச்சில் ‘காணாது’. அக்காவின் வாயில் அந்தச் சொல் எத்தனை தரம் வந்து கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஒரு சாமான் போதாமல் இருந்தாலும் சரி, தாராளமாகப் போதும் என்றாலும் சரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். “உது காணாது,” என்பார். அடுத்த கிழமை அதைவிடப் பெரியது வந்து இறங்கும்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் அவர் கேட்டரிங் சமையல்கூடம் வைத்திருந்தார். கலியாணம், பிறந்தநாள், செத்தவீட்டுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அங்கிருந்து இடியப்பமும் இறைச்சிக் கறியும் போகும். ஒருநாள் இருந்த அடுப்பு காணாது என்று, சீனச் சமையல்காரர்கள் பாவிக்கிற மாதிரி ஜெட் விமானச் சத்தம் போடும் ஓர் அடுப்பைப் பூட்டினார். முதல் தரம் மூட்டியபோது தீச்சுவாலை கூரையைத் தொட்டது. அபாய மணி அடித்து, கூரைக் குழாய்கள் எல்லாம் திறந்து தண்ணீர் கொட்டி, பிளாசாவில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடிவந்தார்கள். பல் வைத்தியரிடம் வந்திருந்த ஒருவர் வாயில் பஞ்சுடன் வீதியோரம் நின்றார். அன்று பின்னேரம் நான் விசாரிக்கப் போனபோது, முழங்கால் வரை ஈரமாக நின்றுகொண்டு அக்கா சொன்னார்:

“நெருப்பில ஒரு பிழையும் இல்லைத் தம்பி. கூரைதான் பதிவு, உயரம் காணாது.”

அவர் வேட்டைக்குப் போன கதையும் சமையலில்தான் தொடங்கியது. வடக்கில் இருந்து கலியாணத்துக்கு வந்த ஒருவர் அவருக்கு ஒரு மூஸ் தொடையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூஸ் என்றால் குதிரையை விட உயரமான, அகன்ற கொம்புள்ள காட்டு விலங்கு. மான் இனம்தான், ஆனால் மான் என்று சொல்ல நா கூசும் அளவுக்குப் பெரியது. அக்கா அதை மாடு என்றுதான் சொல்வார். அக்கா அதை யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினார். ஒரு துண்டை வாயில் வைத்தவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். இந்த இறைச்சி கடையில் விற்கக்கூடாது, சட்டம் விடாது என்று யாரோ சொன்னார்கள்.

“அப்ப நாங்கள்தான் போகோணும்,” என்றார்.

அத்தான் அசையவில்லை. “வெடிச்சத்தம் கேக்காமல் இருக்கத்தான் நான் கனடாவுக்கு வந்தனான். நீர் போம், நான் வீட்டைப் பாக்கிறன்.” அதனால் அந்த ‘நாங்கள்’ நான் ஆகிவிட்டேன். நான் காப்புறுதிக் கம்பனியில் விபத்துக் கோரிக்கை பார்க்கிறவன், கோழி அறுப்பதைக்கூட நேரில் பார்த்ததில்லை, வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி. ஆனால் அக்காவுக்கு மறுப்புச் சொல்வது என்பது அந்தப் பனிவாரிக்கு முன்னால் போய் நிற்பது மாதிரி. இரண்டு பேரும் வகுப்புக்குப் போனோம், சோதனை எழுதினோம், துவக்கு என்று நாங்கள் சொல்கிற துப்பாக்கிக்கு அனுமதி எடுத்தோம். அவர் ஒரு பழைய வேட்டைத் துவக்கு வாங்கினார். முப்பது-நாட்-ஆறு என்கிற தோட்டாவுக்குச் செய்தது. வால்நட் மரப் பிடி, நீலக் கறுப்புக் குழல். இந்த நாட்டில் நூறு வருசமாக மூஸ் சுடுகிற தோட்டா அதுதான் என்று விற்றவர் சொன்னார்.

எங்கள் சனத்துக்கு இது பெரிய புதினம். ஒரு கலியாண மண்டபத்தில் ஒரு அன்ரி, சாப்பாட்டு மேசையைத் தாண்டிக் குனிந்து கேட்டார்:

“பிள்ளை, உமக்குத் துவக்கெண்டால் பயமில்லையோ?”

“எந்தத் துவக்கு அன்ரி?” என்றார் அக்கா, கரண்டியால் சோறு போட்டபடி. “எனக்கு நேர நீட்டினதோ, நான் பிடிச்சிருக்கிறதோ?”

அக்கா மன்னார்ப் பக்கம். போர்க்காலத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர் என்று அத்தான் ஒருதரம் சொன்னார். அக்கா அதைப்பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய பேச்செல்லாம் அடுத்து வாங்கப்போகிற சாமானைப் பற்றித்தான்.

முதல் வேட்டை வடக்கே, சட்பரி நகருக்கும் மேலே, ஒரு ஏரிக்கரையில். அந்த வருடம் ஆண் மூஸ் ஒன்று சுடும் அனுமதி என் பெயரில் கிடைத்தது. ஒரே குழுவில் போனால் மற்றவரும் சுடலாம். கடைசி நாள் பின்னேரம், சதுப்புக்கு அப்பால், வெகு தூரத்தில் ஒரு கொம்பன் வந்து நின்றது. அக்கா ஒரு மரக்கட்டையில் துவக்கைச் சாய்த்துச் சுட்டார். கொம்பன் பின்னங்காலை மடித்துத் தடுமாறியது. ஆனால் அது விழவில்லை. திரும்பி, மரங்களை முறித்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

இலைகளில் இரத்தம் இருந்தது. இருட்டும்வரை தேடினோம். விடிந்ததும் தேடினோம். பிறகு மழை பிடித்தது. சுவடு எல்லாம் கரைந்தது. அக்கா இடுப்பளவு சேற்றில் இறங்கி, ஒவ்வொரு பற்றையாக விலக்கிப் பார்த்தார். இனி இல்லை என்று நான் சொன்ன பிறகும் பார்த்தார். காயம்பட்ட மிருகமும் எங்கள் அனுமதிக் கணக்குத்தான் என்று அத்தோடு வேட்டையை முடித்தோம்.

திரும்பும் வழியில், வாகனம் பாரி நகரத்தைத் தாண்டும்போது அக்கா கேட்டார்.

“என்ர கையால ஒரு சீவன் எங்கயோ நோவோட கிடந்து செத்திருக்கும், என்ன?”

“தெரியாதக்கா. சிலநேரம் தப்பியிருக்கும்.”

இருக்கைப் பட்டியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு குரல் நிமிர்ந்தது.

“உந்தத் துவக்கு காணாது.”

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அதுதான் கதை. துவக்கை மாற்ற வேண்டியதில்லை, அதே துவக்கையே பெரிய தோட்டாவுக்குத் திருத்தலாம் என்று எங்கேயோ பிடித்துவிட்டார். முன்னூறு மேக்னம் என்று பெயர். குழலின் அடியில் தோட்டா போய் உட்காரும் அறையைக் கடைந்து நீளமும் அகலமும் ஆக்கவேண்டும். பின்னால் தோட்டாவைப் பிடிக்கும் போல்டின் முகத்தையும் அகலிக்கவேண்டும். தோட்டாப் பெட்டியையும் கொஞ்சம் மாற்றவேண்டும். அவ்வளவுதான். குழல் அதேதான், பிடி அதேதான். ஆனால் தோட்டாவிலிருந்து பாயும் சன்னம் இன்னும் வேகமாகப் போகும், இன்னும் தூரத்தில் இன்னும் பலமாக அடிக்கும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, சமையல் மேசையில் இரண்டு தோட்டாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்துக் காட்டினார். பழையது மெலிந்த பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி நின்றது. மேக்னம் அதற்குப் பக்கத்தில் இடுப்புப் பட்டி கட்டின மல்யுத்த வீரன்.

“பாரன் தம்பி! உது பட்டால் கொம்பன் ஒரு அடி எடுத்து வைக்குமோ? நிண்ட இடத்தில விழும். நோகாது. தெரியவே தெரியாது அதுக்கு.”

அவருடைய கண்கள் மின்னின. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இரக்கமும் வெறியும் இப்படி ஒன்றாகக் கலந்து நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. பெட்டிகள் கட்டும் மட்டைகளில் எல்லாம் தூரமும் வேகமும் எழுதிவைத்திருந்தார். சோறு வடிக்கும்போதும் அதே பேச்சு. அத்தான் ஒருதரம் மட்டும் கேட்டார்:

“வெட்டினாப் பிறகு பழையபடி ஆக்கேலுமோ?”

“ஏலாது. இரும்பெல்லோ.”

“ம்ம்,” என்றார் அத்தான்.

பனி கரைந்ததும், பீற்றர்பரோவுக்கு அப்பால் பண்ணை வைத்திருந்த ஒரு துவக்குத் திருத்துபவரிடம் போனோம். பின்லாந்திலிருந்து வந்த கிழவர். துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செய்யலாம், நல்ல இரும்பு, மூன்று கிழமை எடுக்கும் என்றார். ஆனால் தன்னிடம் அதே மேக்னத்தில் ஒரு துவக்கு இருக்கிறது, முதலில் அதைச் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டார். பண்ணைக்குப் பின்னால் அதற்கென்று ஒரு மண்மேடும் மேசையும் இருந்தன. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த நாளைக்கு அத்தானும் வந்தார். ஏன் என்று சொல்லவில்லை. ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணியும் காதுக்கு மூடியுமாக வந்து, மடக்குக் கதிரையைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா மேக்னத்தைத் தோளில் வைத்தார். வெடித்த வெடியில் மேசையில் இருந்த தூசியெல்லாம் எழும்பியது. துவக்கு பின்னால் பாய்ந்து, மேலே பூட்டியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு அவருடைய புருவத்தில் இடித்தது. பிறை நிலா வடிவில் ஒரு வெட்டு. இரத்தம் கன்னத்தில் வழிந்தது. நான் ஓடினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன உதை! ஐயோ, என்ன உதையடா தம்பி! குதிரை கெட்டது! உதுதான், உதுதான் வேணும்!”

கிழவர் பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துவந்தார். அக்கா இன்னும் நாலைந்து சுட்டார். ஒன்று மண்மேட்டையே தாண்டப் பார்த்தது. அவருக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை; பழகினால் சரியாம். எப்போது வேலை தொடங்கலாம் என்று கிழவரிடம் கேட்டார். அடுத்த செவ்வாய் என்றார் அவர்.

அப்போதுதான் அத்தான் எழும்பி வந்தார்.

“இஞ்சரும். நீர் சுட முந்தியே கண்ணை மூடுறீர்.”

“ஆர், நானோ?”

“ஓம். வெடிக்க முந்தி. கண்ணும் மூடுது, தோளும் முன்னால போகுது.”

“உங்களுக்குத் துவக்கைப்பற்றி என்ன தெரியும்?”

“துவக்கைப்பற்றி ஒண்டும் தெரியாது,” என்றார் அத்தான். “உம்மட முகம் தெரியும்.”

அக்காவுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். அன்று சிவந்தது. “சரி. இப்பவே பாப்பம். என்ர துவக்கை எடும் தம்பி.” கிழவரிடம் மருந்தில்லாத வெறுந்தோட்டாக்கள் இருந்தன, துவக்கைத் திருத்திய பிறகு சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வைத்திருப்பவை. அக்கா அவற்றில் சிலதை வாங்கி என் கையில் தந்தார். நல்ல தோட்டாவையும் வெறுந்தோட்டாவையும் மாறி மாறி, தனக்குக் காட்டாமல், ஒவ்வொன்றாகப் போட்டுத் தரச் சொன்னார். வெறுந்தோட்டா வரும்போது வெடியும் இல்லை, உதையும் இல்லை. அப்போது குழல் ஆடாமல் நின்றால் அத்தான் தோற்றார்.

முதலாவது நல்ல தோட்டா. வெடித்தது. “மூடினனோ?” என்று வெற்றியோடு திரும்பினார். அத்தான் அடுத்ததைப் போடும்படி எனக்குக் கைகாட்டினார்.

இரண்டாவது வெறுந்தோட்டா.

‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்தோடு குழல் கீழே குத்தியது. தோள் முன்னால் பாய்ந்தது. அக்காவின் கண்கள் இறுக்கி மூடியிருந்தன. வராத வெடிக்கு அவருடைய முழு உடம்பும் ஒடுங்கியதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கண்ணைத் திறந்ததும் அவரும் பார்த்தார். குழல் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“இன்னொருக்கா,” என்றார்.

மறுபடியும் அதேதான். இன்னொருக்கா. அதேதான். சிலதரம் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். அப்போது இன்னும் மோசம். கடைசியில் துவக்கை மேசையில் வைத்து, போல்டைத் திறந்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கிழவர் காலி வெடிக்கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலை, ஸ்காபரோவில் எல்லாரும் ஃபோர்-ஓ-வன் என்கிற அந்தச் சாலை, அன்றும் வழமைபோல் அடைபட்டுக் கிடந்தது. நான் ஓட்டினேன். அக்கா புருவத்தில் பிளாஸ்டருடன் முன்சீற்றில். அதைத் தடவிக்கொண்டு சொன்னார்.

“அப்ப போன வருசம் பிழை துவக்கில இல்லை.”

பின்சீற்றிலிருந்து அத்தான் மெல்லச் சொன்னார். “ஷெல் அடிச்ச காலத்தில இருந்து நீர் கதவு அடிபட்டாலே கண்ணை மூடுவீர். உது உம்மட பிழையில்லை.”

“மாட்டுக்கு உது தெரியுமோ?”

அவர் என்னதான் பெரிசு பெரிசாக வாங்கிக் குவித்தாலும், அந்த உடம்புக்குள் வேறு யாரோ ஒரு பெண் இன்னும் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்ததோ என்னவோ.

திங்கட்கிழமை கிழவருக்குப் போன் அடித்து, செவ்வாய் வேலையை நிற்பாட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை. “கண்ணை மூடிக்கொண்டு சின்ன வெடி வைச்சாலென்ன, பெரிய வெடி வைச்சாலென்ன? முதல்ல கண்ணைத் திறப்பம். பிறகு பாப்பம்,” என்று என்னிடம் சொன்னார். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லில் மேக்னம் இன்னும் உயிரோடு இருந்தது.

அடுத்த கிழமை அவர் வாங்கிவந்த சாமானைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். இருபத்திரண்டு என்கிற சிறு தோட்டாவுக்கான துவக்கு. முயலுக்கும் அணிலுக்கும் வைத்திருப்பது. உதையே கிடையாது. தோட்டா என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவர் தன் வாழ்க்கையில் தெரிந்துகொண்டே வாங்கிய முதல் சிறிய சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கோடையில் சுவரால் எனக்கு வந்த சத்தங்களை மறக்க முடியாது. பின்னேரங்களில் பக்கத்து வீட்டு நிலவறையில் ‘டங்’ என்று பெரிய சட்டி மூடிகள் மோதும். அக்கா வெற்றுத் துவக்கோடு சுவரில் ஒட்டிய ஒரு புள்ளியைக் குறிபார்த்து நிற்பார்; அத்தான் பின்னால் நின்று, சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு மூடிகளைச் சேர்த்து அடிப்பார்.

“மூடினீர்!”

“மூடேல்லை!”

“மூடினீர், நான் கண்ணாடியில பாத்தனான்.”

“நீங்கள் வேணுமெண்டே பலமா அடிக்கிறியள்!”

வெடிச்சத்தம் கேட்காமல் இருக்கக் கனடாவுக்கு வந்த மனிதர் அப்படி ஆனந்தமாகச் சத்தம் போட்டார். சனிக்கிழமைகளில் மூன்று பேரும் பண்ணைக்குப் போவோம். முதலில் சின்னத் துவக்கு. பிறகு பழைய துவக்கில், காதில் இரட்டை மூடி போட்டுக்கொண்டு, நான் மாற்றி மாற்றிப் போடும் தோட்டாக்கள். ஒருநாள் ‘டிக்’ என்றது, குழல் அசையவில்லை. மேசையில் வைத்த கல்லுப்போல நின்றது. அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தார். அத்தான் கதிரையிலிருந்து எழும்பி, சாரம் உடுத்தின ஊர்ப் பெடியன் மாதிரி இரண்டு அடி துள்ளினார்.

கோடை முடியும்போது கிழவர் கேட்டார். இப்போது சரியாகிவிட்டதே, அந்த வேலையைச் செய்யட்டுமா? வேட்டைக்கு முன்னர் முடித்துத் தர நேரம் இருக்கிறது. அக்காவுக்கு ஆண் மூஸ் அனுமதி அந்த வருடம் கிடைத்திருந்தது. அடுத்தது எந்தக் காலத்தில் என்று யாரும் சொல்ல முடியாது. அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பழைய அக்கா முழுதாகத் திரும்பி வந்துவிட்டார்.

“தாங்கோ, ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்.”

கிழவரின் மேக்னத்தில் மூன்று தரம். முதலாவதில் கண் திறந்திருந்தது. இரண்டாவதில் இமை துடித்தது. மூன்றாவதாக நான் போட்டது வெறுந்தோட்டா. குழல் குத்தியது.

அக்கா வெகு நேரம் அந்தத் துவக்கைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் அதைக் கிழவரிடம் நீட்டினார். பிறகு தன் பழைய துவக்கை எடுத்துக்கொண்டு, தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் குத்திவைக்கச் சொன்னார். சுட்டார். இன்னும் பின்னால் வந்து சுட்டார். ஒவ்வொரு தரமும் தட்டில் படும் இடம்வரை பின்னால் வந்து, ஒன்று தவறியதும் நின்றார். நான்கைந்து அடி முன்னால் போய், காலால் புல்லில் ஒரு கோடு கீறினார்.

“எனக்கு இவ்வளவு தூரம்தான்,” என்றார். “இதுக்கு அங்கால நிண்டால் அது என்ர மாடில்லை.”

அவர் எதையும் இவ்வளவுதான் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே ஒரு தரம்.

இலையுதிர் காலத்தில் அதே ஏரிக்கரைக்குப் போனோம். இரண்டாம் நாள் விடியற்புறம், செம்மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் இருந்தோம். புல்லெல்லாம் உறைபனி. சதுப்புக்கு அப்பால், மூடுபனிக்குள்ளிருந்து, முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு கறுத்த உடம்பு. போன வருடம் கண்டதை விடப் பெரிது.

“அக்கா, சுடுங்கோ,” என்றேன் மூச்சுக்குள்.

தலையை ஆட்டினார். “தூரம்.”

“போயிடும் அக்கா!”

“போகட்டும்.”

கொம்பன் பக்கவாட்டில் திரும்பி நின்றது. குறிவைக்க இதைவிட நல்ல வாட்டம் கிடைக்காது. அக்கா துவக்கை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்தார். கூவினார். பெண் மூஸ் துணை தேடிக் கூப்பிடும் நீண்ட, மூக்கால் வரும் அழுகை. கலியாண மண்டபத்தின் கடைசி மேசைவரை கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து அது சதுப்பு முழுக்கப் பரவி, எதிர்க்கரை மரங்களில் மோதித் திரும்பி வந்தது. கொம்பன் தலையைத் தூக்கியது. ‘ஓவ்’ என்று ஒரு உறுமல். தண்ணீருக்குள் இறங்கியது.

வந்தது, எங்களை நோக்கியே வந்தது. கொம்பால் பற்றைகளை அடித்துக்கொண்டு, சேறு தெறிக்க, ஒவ்வொரு அடிக்கும் உறுமிக்கொண்டு. அதன் மூச்சு புகையாகப் போனது தெரிந்தது. அக்கா துவக்கை எடுத்துத் தோளில் வைத்தார். அவருடைய புருவத்தில் அந்தப் பிறை வடு வெள்ளையாக இருந்தது.

“தம்பி,” என்றார், உதடு அசையாமல். “நீ மாட்டைப் பாராத. என்ர கண்ணைப் பார்.”

“என்னக்கா?”

“கண்ணைப் பார். மூடினால் எனக்குப் பொய் சொல்லாமல் சொல்லோணும்.”

என் வாழ்க்கையில் அதைப்போல ஒன்றை நான் இனிப் பார்க்கப்போவதில்லை. அது எனக்கு முன்னால், கூப்பிடு தூரத்துக்கும் குறைவான இடத்தில் வந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தேன். தொலைநோக்கிக்குப் பின்னால் ஒரு கண். பழுப்பு நிறம். ஓரத்தில் குளிருக்குக் கொஞ்சம் நீர். தண்ணீர் கலங்கும் சத்தம் கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது, சட்டென்று நின்றது. அக்கா பாதி மூச்சை வெளியே விட்டார்.

வெடித்தது.

துவக்கு அவர் தோளை உதைத்தது. தொப்பி பின்னால் சரிந்தது. மரத்தில் இருந்த உறைபனி கொட்டியது. சதுப்புக்குள் ஏதோ பெரிதாகத் தடுமாறி, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு சாய்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அக்கா அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“மூடினனோ?”

“இல்லையக்கா.”

“உண்மையாவோ?”

“சத்தியமா இல்லை. திறந்துதான் இருந்தது. முழுக்கத் திறந்திருந்தது.”

அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகுதான் திரும்பி மாட்டைப் பார்த்தார்.